ரங்கூன் வெயிலில் டிடிஆர்5 ராம் ஓவர்கிளாக்: நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

குளிர்ந்த நேரத்தில் எடுத்த மெமரி டெஸ்டை நம்பாதீர்கள். ராம் ஓவர்கிளாக், அதாவது அதிகாரபூர்வ வேகத்துக்கு மேல் ராமை ஓட்டுவது, பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதுதான். டிசம்பர் இரவில் ஒரு பிழைகூட இல்லாமல் ஓடிய அதே செட்டிங், ஏப்ரல் மதியத்தில் என் வீடியோக்களைக் கெடுத்தது. கம்ப்யூட்டர் ஒரு தடவைகூட நிற்கவில்லை, நீலத்திரையும் வரவில்லை. அதனால்தான் கண்டுபிடிக்க அவ்வளவு நாளானது.

எனக்குக் கல்யாண வீடியோ, கோயில் திருவிழா வீடியோ எடிட்டிங்தான் தொழில். ரைசன் 5 7600, 16 ஜிபி ராம் ஸ்டிக் இரண்டு, ஓரளவு பெரிய கிராபிக்ஸ் கார்டு, பிராசசருக்கு வாட்டர் கூலர். ராம் எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. நடந்ததற்குக் கம்பெனியைக் குறை சொல்லவும் முடியாது.

ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாகச் சொல்லும் ராம் வேகம் 5200 (நொடிக்கு இத்தனை மில்லியன் பரிமாற்றம்) வரைதான். கடையில் “எக்ஸ்போ ஆன் பண்ணி விட்டிருக்கேண்ணே, 6000ல ஓடுது” என்று சொல்லிக் கொடுத்தால், அதுவே ஓவர்கிளாக்தான். எக்ஸ்போ என்பது ஸ்டிக்கிலேயே பதிந்து வரும் வேக செட்டிங். டிடிஆர்5க்கு வழக்கமான மின்னழுத்தம் 1.1 வோல்ட். என் ஸ்டிக்குகளின் எக்ஸ்போ புரொபைல் 1.35 வோல்ட். அதற்கும் மேலே போய் 1.4 கொடுத்து, டைமிங்கை (ராமின் காத்திருப்பு நேரங்களை) இறுக்கி, டிரெஃபி என்ற அளவை அது போகும் எல்லையான 65535 வரை ஏற்றி வைத்திருந்தேன்.

இந்த டிரெஃபியைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், விஷயமே இதில்தான் இருக்கிறது. ராம் சில்லுக்குள் ஒவ்வொரு பிட்டும் ஒரு நுண்ணிய மின்தேக்கியில் சார்ஜாக நிற்கிறது. அந்தச் சார்ஜ் கசிந்துகொண்டே இருக்கும். தீர்ந்துபோவதற்குள் படித்துத் திரும்ப எழுத வேண்டும். அதுதான் ரெஃப்ரெஷ். ஒரு ரெஃப்ரெஷுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளிதான் டிரெஃபி. டிடிஆர்5க்கு விதிப்படி 3.9 மைக்ரோ நொடி. 6000 வேகத்தில் 65535 என்று வைத்தால் அது ஏறக்குறைய 21.8 மைக்ரோ நொடி ஆகிவிடும். ரெஃப்ரெஷ் நடக்கும்போது ராம் வேறு வேலை செய்யாது. ஆகவே இடைவெளி கூடினால் வேகம் கொஞ்சம் கிடைக்கும். ஆனால் சூடு ஏற ஏற சார்ஜ் வேகமாகக் கசியும். விதிமுறையே 85 டிகிரிக்கு மேல் போனால் இரண்டு மடங்கு அடிக்கடி ரெஃப்ரெஷ் செய்யச் சொல்கிறது. நான் அதற்கு நேர் எதிர்த் திசையில் இழுத்து வைத்திருந்தேன், அதுவும் ரங்கூனில்.

2024 ஏப்ரல் இங்கே இருந்தவர்களுக்கு மறக்காது. அந்த மாதம் 28ஆம் தேதி நாட்டின் நடுப்பகுதியில், மகுவே பக்கம் சௌக்கில் 48.2 டிகிரி பதிவானது. ரங்கூனிலும் 40ஐத் தொட்டது. வேறு ஊர்க்காரர்கள் “ராத்திரியில் ரெண்டர் போடு, ஏசி போட்டுக்கொள்” என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள். இங்கே கரண்ட் எப்போது வருகிறதோ அப்போதுதான் வேலை. முறை வைத்து விடுகிறார்கள். நம் தெருவுக்கு உச்சி வெயிலில் வந்தால் உச்சி வெயிலில்தான் ரெண்டர். வந்த கரண்டிலேயே இன்வெர்ட்டர் பேட்டரியும் ஏற வேண்டும், தண்ணீர் மோட்டாரும் ஓட வேண்டும். ஸ்டெபிலைசர் ஏற்கெனவே முனகிக்கொண்டிருக்கும்போது அதில் ஏசியைச் சேர்க்க யாருக்குத் துணிச்சல் வரும்? திங்யான் (பர்மியப் புத்தாண்டு) விடுமுறை முடிந்த கையோடு அறையில் 36, 37 டிகிரியில் உட்கார்ந்து எடிட் செய்த நாள்கள் அவை.

அப்போது கொடுத்த ஒரு கல்யாண வீடியோவைப் பார்த்துவிட்டுப் பெண்ணின் அப்பா போன் செய்தார். “தம்பி, தாலி கட்டுற இடத்துல மாப்பிள்ளை கையில பச்சையா என்னமோ தெரியுதேப்பா?” போட்டுப் பார்த்தேன். முடிச்சுப் போடும் விரல்களின் மேல் பச்சைக் கட்டம் ஒன்று, கண் சிமிட்டும் நேரத்துக்கு வந்து போகிறது. மறுபடி ரெண்டர் செய்தால் அந்த இடம் சுத்தம். வேறோரிடத்தில், அட்சதை போடும் கூட்டத்தின் நடுவில், கோடு கோடாய் இழுக்கிறது. ஒரே புராஜெக்ட், ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் கோளாறு. எடிட்டிங் சாஃப்ட்வேரையும் கிராபிக்ஸ் டிரைவரையும் மாற்றிப் பார்த்தேன், பலனில்லை. சேமித்து வைத்த ஒரு ஜிப் ஃபைல் சிஆர்சி பிழை (உள்ளே இருக்கும் தகவல் மாறிவிட்டது என்ற எச்சரிக்கை) சொல்லித் திறக்க மறுத்தபோதுதான் ராம் மேல் சந்தேகம் வந்தது.

ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 ஓட்டினேன், சுத்தம். டெஸ்ட்மெம்5, அதுவும் சுத்தம். மெமரி டெஸ்ட் ஓடும்போது கிராபிக்ஸ் கார்டு சும்மா இருக்கிறது, ரெண்டர் செய்யும்போதோ அது முழு மூச்சில் ஓடுகிறது. இந்த வித்தியாசம் மண்டையில் உறைத்த பிறகுதான் வழி பிறந்தது. இரண்டையும் ஒன்றாக ஓடவிட்டு, வெப்பம் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ புரோகிராமில் ராம் வெப்பத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தேன். டிடிஆர்5 ஸ்டிக்கின் கட்டுப்பாட்டுச் சில்லிலேயே வெப்ப உணரி இருப்பதால் இது எளிது. டிடிஆர்4இல் பல ஸ்டிக்குகளில் அது கிடையாது. 50 வரை ஒன்றுமில்லை. 55இலும் ஒன்றுமில்லை. 57, 58 வந்ததும் முதல் பிழை. 61இல் வரிசையாகக் கொட்டியது. கார்டை மட்டும் நிறுத்தினேன். வெப்பம் இறங்க இறங்கப் பிழையும் நின்றது.

கார்டிலிருந்து எழும் சூடான காற்று நேரே மேலே போய் ராம் மீதுதான் படுகிறது. அதிலும் இப்போது வரும் பல கார்டுகளில் பின்பாதி திறந்திருக்கிறது, அந்த வழியே காற்று மேலே பீறிட்டு வருகிறது. பிராசசர் மேல் விசிறியோடு நிற்கும் டவர் கூலர் இருந்தால் அதன் விசிறி ராம் பக்கத்துக் காற்றையும் இழுக்கும். வாட்டர் கூலர் வைத்தால் அந்தக் காற்றோட்டம் போய்விடும். பார்க்க அழகுதான், ராமுக்கு நல்லதில்லை. பளபள என்று விளக்கு எரியும் ஸ்டிக்குகள் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை, என் தங்கச்சி மகன் அதைத்தான் வாங்கி வைத்திருக்கிறான்.

“டிடிஆர்5ல இசிசி உள்ளேயே இருக்கே மாமா, அதெல்லாம் தானா சரி பண்ணிக்காதா?” என்று கேட்டவனும் அவன்தான். இசிசி என்றால் பிழை திருத்தும் வசதி. இருக்கிறது. ஆனால் அது சில்லுக்குள்ளேயே ஒற்றை பிட் பிழையைத் திருத்தும், அவ்வளவுதான். ஒரே இடத்தில் இரண்டு பிட் போனால் கைவிரித்துவிடும். சில்லுக்கும் பிராசசருக்கும் இடையே போகும் வழியில் நடப்பதும் அதற்குத் தெரியாது. எத்தனை திருத்தினோம் என்று விண்டோஸிடமும் சொல்லாது. சர்வர்களில் இருக்கும் இசிசி வேறு.

சூட்டில் ராம் செத்துப்போகுமா என்றும் பலர் கேட்கிறார்கள். என் ஸ்டிக்குகள் இரண்டும் இன்றைக்கும் நன்றாகவே ஓடுகின்றன. சில்லைப் பொறுத்தவரை 60 டிகிரி ஒன்றும் பெரிய சூடில்லை, வழக்கமான ரெஃப்ரெஷோடு ஓடவே விதிமுறை 85 வரை விடுகிறது. டிரெஃபியை இப்படி ஏற்றாமல் விட்டிருந்தால் அந்த வெயிலையும் தாண்டியிருக்கும். பொருளையே எரிக்கக்கூடியது மின்னழுத்தம், அதிலும் ராமுக்குக் கொடுப்பதைவிட பிராசசரின் எஸ்ஓசி பகுதிக்குக் (ராமோடு பேசும் மெமரி கன்ட்ரோலர் இருக்கும் பகுதி) கொடுப்பது. எக்ஸ்போ போட்டதும் சில மதர்போர்டுகள் அதைத் தாமாகவே ஏற்றிவிட்டன. 2023 ஏப்ரலில் ரைசன் 7000எக்ஸ்3டி பிராசசர்கள் சில கருகிய செய்தி வந்தது, அதற்கு அப்புறம் ஏஎம்டி எஸ்ஓசி மின்னழுத்தத்துக்கு 1.3 வோல்ட் என்று வரம்பு போட்டு பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் விட்டது. பழைய பயாஸோடு ஓட்டுகிறவர்கள் முதலில் அதை மாற்றுங்கள்.

நான் செய்த மாற்றங்களில் அதிகம் பலன் தந்தது ஒரு சாதாரண 120 மிமீ விசிறி. ராம் ஸ்டிக்குகளைப் பார்த்தபடி கேபிள் டையால் கட்டிவிட்டேன். அசிங்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அது மட்டுமே 10 டிகிரிக்கு மேல் இறக்கியது. கிராபிக்ஸ் கார்டின் பவர் லிமிட்டை 80 சதவீதத்துக்குக் குறைத்தேன். ரெண்டர் நேரம் கூடியது எனக்கு உறைக்கவே இல்லை, இன்வெர்ட்டருக்கும் நிம்மதி. மின்னழுத்தத்தை 1.35க்கே திருப்பினேன். டிரெஃபியைப் பாதியாக, 32767 ஆக்கினேன். எடிட்டிங்கில் அந்த உச்ச அளவு கொடுத்த லாபத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. விளையாடுகிறவர்களுக்கு வேண்டுமானால் கொஞ்சம் தெரியும்.

தெருவில் கடைக்குக் கடை ஜெனரேட்டர் ஓடுவதால் இங்கே தூசி வெறும் தூசியாக வருவதில்லை. எண்ணெய்ப் பிசுக்கோடு கறுப்பாக விசிறி இறக்கையில் ஒட்டிக்கொள்கிறது, ஊதினால் போகாது. மழை பிடிப்பதற்கு முன்னால் ஒரு தடவை துணியால் துடைத்து எடுத்தாக வேண்டும். விட்டால் அதே விசிறி அடுத்த வெயிலில் பாதி காற்றுகூடத் தராது.

கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில் இன்னொரு தலைவலியும் உண்டு. இந்த மதர்போர்டுகள் ஆன் ஆகும்போது ராமைப் புதிதாக அளந்து டிரெயினிங் எடுக்கும், அதற்கே சில நிமிடம் ஆகலாம். மெமரி கான்டெக்ஸ்ட் ரிஸ்டோர் என்பதை ஆன் செய்தால் பழைய அளவுகளையே வைத்துக்கொண்டு சட்டென்று எழுந்துவிடும். வேகம் ஏற்றிய ராமில், காலைக் குளிர்ச்சியில் எடுத்த அளவோடு மதியச் சூட்டிலும் ஓட எனக்கு மனசில்லை. ஆகவே ஆஃப் செய்துவிட்டு, அந்த நேரத்தில் டீ குடித்துவிட்டு வருகிறேன்.

கேமரா கார்டிலிருந்து டிஸ்குக்குக் காப்பி செய்வதும் ராம் வழியாகத்தான். அங்கே ஒரு பிட் புரண்டால் மூல வீடியோவே கெட்டுவிடும். கார்டையும் ஃபார்மட் செய்திருந்தால் அந்தக் கல்யாணத்தை யார் திரும்ப நடத்துவது? இப்போதெல்லாம் காப்பி முடிந்ததும் ஹேஷ் (ஃபைலின் கைரேகை மாதிரி ஒரு எண்) எடுத்து இரண்டு பக்கமும் ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே கார்டைக் காலி செய்கிறேன். தங்கச்சி மகன் 6400க்கு ஏற்றப் போகிறேன் என்று நிற்கிறான். விளையாட மட்டும்தானே, ஏற்றிக்கொள் என்று சொல்லிவிட்டேன். என் வீடியோ எதையும் அவன் மெஷினில் ரெண்டர் போடத் தரமாட்டேன் என்றும் சொல்லியிருக்கிறேன்.