‘ஓடும்போதே கார்டைக் கழற்றலாம்’ என்று எங்களுக்கு விற்கப்பட்ட பெட்டி

“கார்டைக் கழற்றுவதற்கு முன் பெட்டியுடன் இணைக்கப்பட்டுள்ள எல்லாக் கணினிகளையும் அணைக்கவும்.”

இந்த வரி, பல சர்வர்களுக்கான கார்டுகளை ஒரே இடத்தில் வைக்க நாங்கள் வாங்கிய பெட்டியின் கையேட்டில் 47-ஆம் பக்கத்தில், மின்விசிறி வடிகட்டியைத் துடைப்பது எப்படி என்ற பத்திக்கு அடியில் இருக்கிறது. கையேடு எங்கள் கைக்கு வந்தது முழுப் பணமும் கட்டி, பெட்டியை ரேக்கில் ஏற்றிய பிறகு. ஆனால் அதே நிறுவனம் கொடுத்த விலைப்புள்ளியின் முதல் வரி இது: “8 விரிவாக்கக் கார்டுகள், 4 சர்வர்களுக்குப் பொதுவாக, சர்வர் ஓடும்போதே கழற்றி மாட்டலாம்.” இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது இப்போதும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. இதே போன்ற பெட்டியை வாங்கும் யோசனையில் இருப்பவர்கள் தயவுசெய்து கடைசிவரை படியுங்கள்.

எங்களிடம் 4 சர்வர்கள். ஒன்றில் ஜிபியு கார்டு (பெரிய கணக்கீடுகளை வேகமாகச் செய்யும் கார்டு) சும்மா கிடக்கும். அடுத்ததில் அதே மாதிரிக் கார்டுக்காக மூன்று பேரின் வேலை வரிசையில் நிற்கும். ஒவ்வொரு முறையும் சர்வரை அணைத்து, ரேக்கிலிருந்து இழுத்து, மூடியைத் திறந்து கார்டை இடம் மாற்றினால் அரை நாள் போய்விடும். கார்டுகளை எல்லாம் ஒரு தனிப் பெட்டியில் வைத்து, நடுவில் ஒரு பிசிஐ எக்ஸ்பிரஸ் (கார்டுகளைக் கணினியோடு இணைக்கும் தரம்) சுவிட்ச் மூலம் வேண்டிய சர்வருக்கு வேண்டிய கார்டை ஒதுக்குவது எங்களுக்கு ஆடம்பரம் அல்ல, அன்றாடத் தேவை. விற்பனையாளரும் அதை நன்றாகவே புரிந்துகொண்டார். புரிந்துகொண்டுதான் ஏமாற்றினார் என்று நான் சொல்வதற்குக் காரணம், அவர் நடத்திய செய்முறை விளக்கம்.

தங்களுடைய இரண்டு சர்வர்களையும் பெட்டியையும் அவர்களே கொண்டுவந்தார்கள். சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே விற்பனையாளர் ஒரு சின்ன நெட்வொர்க் கார்டை உருவி, பக்கத்து ஸ்லாட்டில் செருகினார். மூன்று நான்கு நொடிகளில் இரண்டாவது சர்வரின் திரையில் அது தெரிந்தது. “பாருங்கள் சார், அவ்வளவுதான்” என்றார். எங்கள் ஜிபியு கார்டு ஒன்றைக் கொடுத்து, இதையும் அதே போல மாற்றிக் காட்டுங்கள் என்றேன். “அதற்குத் தனி உரிமம் ஏற்ற வேண்டும், நிறுவும்போது காட்டுகிறோம்” என்றார். அன்றைக்கே நான் எழுந்து போயிருக்க வேண்டும்.

ஏன் நெட்வொர்க் கார்டு? ஒவ்வொரு கார்டும் சர்வரின் நினைவக முகவரிப் பரப்பில் தனக்கென்று ஓர் இடம் கேட்கும். சர்வரை இயக்கும்போது முதலில் ஓடும் பயாஸ் என்ற மென்பொருள் தன் கண்ணில் படும் கார்டுகளுக்கு மட்டும் அந்த இடத்தை அளந்து கொடுக்கும். கார்டு இல்லாமல் காலியாக இருக்கும் ஹாட்-பிளக் (ஓடும்போதே கழற்றி மாட்டும்) ஸ்லாட்டுக்கு, எங்கள் இயங்குதளமான லினக்ஸ் தானாக ஒதுக்கிவைப்பது 2 மெகாபைட். அவர் கொண்டுவந்த கார்டு அதற்குள் அடங்கிவிடும். எங்கள் ஜிபியு கார்டு கேட்பது 32 ஜிகாபைட். இது அவர்களுக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை. இந்தப் பெட்டியை ஒரு வாரம் கையாண்ட யாருக்கும் முதலில் முட்டுகிற சுவர் இதுதான்.

எங்களுக்கு முதல் நாளே முட்டியது. இரண்டாவது சர்வருக்கு ஜிபியுவை ஒதுக்கினோம். பெட்டியின் மேலாண்மைப் பக்கத்தில் ‘வெற்றி’ என்று வந்தது. சர்வரின் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) பதிவிலோ, இந்தக் கார்டுக்கு நினைவக இடம் இல்லை என்று வரிசையாக நான்கு வரிகள். நிறுவ வந்த தொழில்நுட்பப் பணியாளர், “ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும் சார்” என்றார். சரியாகத்தான் ஆனது. கார்டை மாற்றும் ஒவ்வொரு தடவையும் சர்வரை மறுபடி இயக்க வேண்டும் என்றால், இந்தப் பெட்டி எதற்கு? கடைசியில் நானே தேடி, காலி ஸ்லாட்டுகளுக்கு முன்கூட்டியே பெரிய இடம் ஒதுக்கும்படி கர்னல் தொடக்க அளவுருவை மாற்றினேன்; பயாஸில் 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட முகவரிகளைப் பயன்படுத்தும் வசதியை இயக்கினேன். மூன்று சர்வர்கள் ஒத்துக்கொண்டன. நான்காவதன் பயாஸ் கடைசிவரை மறுத்துவிட்டது. எந்தெந்தச் சர்வருடன் இணைக்கப் போகிறீர்கள் என்று விற்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இது தெரிந்திருக்கும். கேட்கவில்லை.

இதுவரை நடந்தது எரிச்சல். இனிச் சொல்லப் போவதுதான் இழப்பு.

முறையாகக் கட்டிய ஹாட்-பிளக் ஸ்லாட் எப்படி நடந்துகொள்ளும் தெரியுமா? கார்டைக் கழற்ற வேண்டுமென்றால் ஸ்லாட்டின் அருகில் உள்ள பொத்தானை அழுத்துவோம். பச்சை விளக்கு மினுமினுக்கத் தொடங்கும். மனம் மாறினால் 5 நொடிக்குள் மறுபடி அழுத்தி நிறுத்திவிடலாம். இல்லையென்றால் இயங்குதளம், கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரிடம் சொல்லி வேலையை நிறுத்தும், ஸ்லாட்டின் மின்சாரத்தைத் துண்டிக்கும், விளக்கு அணையும். அதற்குப் பிறகுதான் கார்டில் கை வைக்கலாம். கார்டின் விளிம்பில் இருக்கும் தங்க நிறத் தகடுகளை உற்றுப் பார்த்தால், ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று அறிவிக்கும் தகடு மற்றவற்றைவிடக் குட்டையாக இருக்கும். கார்டை உருவும்போது அந்தத் தொடர்புதான் முதலில் விடுபடும். மற்றவை விடுபடுவதற்கு முன்பே ஸ்லாட்டுக்குச் செய்தி போய்விடும். இத்தனை கவனத்தோடு வகுத்து வைத்த ஏற்பாடு இது.

எங்கள் பெட்டியில் பொத்தான் இருந்தது. விளக்கும் இருந்தது. பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருந்தோம். விளக்கு மினுக்கவில்லை, அணையவுமில்லை. ஸ்லாட் 5-இல் கார்டே இல்லாதபோதும் அதன் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பிறகு, இணைந்துள்ள கார்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையின் விரிவான வெளியீட்டில் ஸ்லாட்டின் திறன்களைக் காட்டும் வரியைப் பார்த்தேன். ஒவ்வொரு வசதியின் பெயருக்குப் பக்கத்திலும் கூட்டல் குறி இருந்தால் உண்டு, கழித்தல் குறி இருந்தால் இல்லை. ஹாட்-பிளக் என்ற பெயருக்கு மட்டும் கூட்டல். அட்டென்ஷன் பட்டன், அதாவது நான் சொன்ன அந்தப் பொத்தான், கழித்தல். ஸ்லாட்டின் மின்சாரத்தைத் துண்டிக்கும் பவர் கன்ட்ரோலர் கழித்தல். சொல்லாமல் திடீரென்று உருவுவதைத் தாங்கும் திறனுக்கும் கழித்தல். முகப்பில் இருக்கும் அந்தப் பொத்தானுக்கும் ஸ்லாட்டின் மின்சாரத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

அடுத்த நாளே எழுதிக் கேட்டேன். “மேலாண்மைப் பக்கத்தில் கார்டை விடுவித்துவிட்டுக் கழற்றினால் பாதுகாப்பானது” என்று எழுத்தில் பதில் வந்தது. அதை நம்பினோம்.

மூன்றாவது சர்வரில் ஒரு கணக்கீடு 11 நாட்களாக ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் குழுவில் ஒரு தம்பி, தன் ஆய்வின் கடைசிக் கட்டத்துக்காகப் போட்டது. அன்று இரவு இரண்டாவது சர்வரின் கார்டு ஒன்றை முதல் சர்வருக்கு மாற்ற வேண்டியிருந்தது. அவர்கள் எழுதித் தந்தபடியே மேலாண்மைப் பக்கத்தில் ‘விடுவி’ என்பதை அழுத்தினேன். கார்டைத் தொடக்கூட இல்லை. எட்டு ஸ்லாட்டுகளின் இணைப்பும் ஒரே கணத்தில் அறுந்தது. ஒரு கார்டின் ஒதுக்கீட்டை மாற்றுவதற்கு அந்த மேலாண்மை மென்பொருள், சுவிட்ச் முழுவதையும் ரீசெட் செய்கிறது! நான்கு சர்வர்களின் டிரைவர்களும் தங்கள் கார்டுகளைப் படிக்கப் போய், எல்லா பிட்டும் 1 என்ற பதிலையே பெற்றன. எதிர்முனையில் யாருமே இல்லை என்பதற்கு பிசிஐ எக்ஸ்பிரஸில் அதுதான் அடையாளம். ஒரு போர்ட்டில் நேர்ந்த பிழை அதைத் தாண்டிப் பரவாமல் அங்கேயே முடக்கும் ஏற்பாடு இந்தத் தரத்தில் இருக்கிறது. இந்தப் பெட்டியில் அதுவும் இல்லை. இரண்டு சர்வர்கள் உறைந்தன. மற்ற இரண்டும் தாமாகவே மறுபடி இயங்கின. கணக்கீட்டின் இடைநிலைக் கோப்புகள் இருந்த என்விஎம்இ கார்டும் (சேமிப்புக் கார்டு) அதே பெட்டியில்தான் இருந்தது. கோப்பு முறைமையைச் சரிசெய்து பார்த்தபோது கடைசி ஐந்து நாட்களின் கோப்புகள் இல்லை. விடிந்ததும் அந்தத் தம்பியிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. “பரவாயில்லை அண்ணா, திரும்பப் போட்டுவிடலாம்” என்றான். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சேவைப் பிரிவின் பதில்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில், உங்கள் பயாஸ் பழையது. புதுப்பித்தோம். அடுத்து, உங்கள் டிரைவர் சரியில்லை. மாற்றினோம். அப்புறம், “இது புதுத் தொழில்நுட்பம் சார், கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.” என்ன புதிது? பிசிஐ கார்டுகளை ஓடும்போதே கழற்றி மாட்டுவதற்கான வரையறை 1997-லேயே வந்துவிட்டது. 2003-இல் வந்த பிசிஐ எக்ஸ்பிரஸ் தொடக்கத்திலிருந்தே அதை உள்ளடக்கியது. இதை எடுத்துச் சொன்ன பிறகுதான் 47-ஆம் பக்கத்தைக் காட்டினார்கள். சுவிட்ச் ரீசெட் ஆகாமல் ஒதுக்கீட்டை மாற்றும் புதிய ஃபர்ம்வேர் (பெட்டிக்குள் ஓடும் மென்பொருள்) தயாராக இருக்கிறதாம்; ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் போட்டவர்களுக்கு மட்டும் தருவார்களாம். தங்கள் பொருளின் குறையைத் திருத்தத் தனிப் பணம் கேட்கிறார்கள்.

‘பொதுவாக’ என்ற சொல்லிலும் ஒரு பொறி இருக்கிறது. ஒரே கார்டை நான்கு சர்வர்களும் ஒரே நேரத்தில் பயன்படுத்தலாம் என்றே நாங்கள் புரிந்துகொண்டோம், விற்பனையாளர் திருத்தவில்லை. உண்மையில் ஒரு கார்டு ஒரு நேரத்தில் ஒரு சர்வருக்குத்தான். எஸ்ஆர்-ஐஓவி என்ற தரம் 2007-இல் வந்தது. அது ஒரு கார்டைப் பல மெய்நிகர்க் கார்டுகளாகப் பிரித்தாலும், எல்லாம் ஒரே சர்வருக்குள்தான். பல சர்வர்களுக்கு இடையே பிரிப்பதற்கென்று எம்ஆர்-ஐஓவி என்ற தரம் 2008-இல் வந்தது, சந்தையில் அது வேரூன்றவே இல்லை. மாற்றி மாற்றி ஒதுக்குவதே எங்களுக்குப் போதும் என்று பிறகு சமாதானம் செய்துகொண்டோம். ஆனால் என்விஎம்இ கார்டை ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது, பழைய சர்வர் அந்தக் கோப்பு முறைமையை விட்டுவிட்டதா என்று இந்த மேலாண்மைப் பக்கம் சரிபார்ப்பதே இல்லை. பாதி எழுதிய நிலையிலும் கார்டு கைமாறிவிடும்.

ஆகவே, உங்களுக்கு யாராவது இப்படி ஒரு பெட்டியைக் காட்டினால், உங்கள் சர்வர்களில், உங்களிடம் இருப்பதிலேயே பெரிய கார்டை வைத்து, மற்ற மூன்று சர்வர்களிலும் வேலை ஓடிக்கொண்டிருக்கும்போது மாற்றிக் காட்டச் சொல்லுங்கள். சும்மா நிற்கும் சர்வரில் எதைக் காட்டினாலும் நம்பாதீர்கள். ஸ்லாட் திறன்களைக் காட்டும் அந்த ஒரு வரியைப் பணம் கட்டுவதற்கு முன் அனுப்பச் சொல்லுங்கள். பவர் கன்ட்ரோலருக்குப் பக்கத்தில் கழித்தல் குறி இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். தனியாக மின்கம்பி செருக வேண்டிய கார்டாக இருந்தால் இன்னும் கவனம் தேவை. ஸ்லாட் தருவது அதிகபட்சம் 75 வாட்தான். மிச்சம் அந்தக் கம்பி வழியாக வருகிறது. ஸ்லாட்டின் மின்சாரம் நின்றாலும் அந்தக் கம்பியில் மின்சாரம் இருக்குமா என்று கேளுங்கள். எங்கள் பெட்டியில் இருக்கிறது. கையேட்டை முன்கூட்டியே வாங்கி முழுவதும் படியுங்கள்.

பெட்டியை இப்போது ஒரே ஒரு சர்வருடன் இணைத்து வைத்திருக்கிறோம். கார்டை மாற்ற வேண்டுமென்றால் எல்லாவற்றையும் அணைக்கிறோம், பழையபடி அரை நாள் போகிறது. விலைப்புள்ளியின் முதல் வரியையும் 47-ஆம் பக்கத்தையும் நகலெடுத்து இணைத்து, பணத்தைத் திருப்பிக் கேட்டுக் கடிதம் அனுப்பி ஆறு வாரம் ஆகிறது. பதில் இல்லை. அன்றைய இரவின் கர்னல் பதிவுகளும் ஸ்லாட் வரிகளும் அவர்கள் எழுதித் தந்த பதிலும் என்னிடம் அப்படியே இருக்கின்றன. வாங்குவதற்கு முன் ஒப்பிட்டுப் பார்க்க யார் கேட்டாலும் தருகிறேன்.