முன் டிஸ்க் மாற்றக் கொடுத்தவர்கள் போல்ட்களை ஒருமுறை திருகிப் பாருங்கள்

கொழும்பில் அண்மையில் மோட்டார் சைக்கிளின் முன் பிரேக் டிஸ்க்கை மாற்றியவர்கள், அடுத்த தடவை வண்டியை எடுக்கும் முன் டிஸ்க்கைப் பிடித்திருக்கும் போல்ட் ஒவ்வொன்றிலும் எலன் கீயைப் போட்டு இறுக்கம் பாருங்கள். என் வண்டியில் ஓர் இடத்தில் போல்ட்டே இருக்கவில்லை. முறிந்த போல்ட்டின் தலையை எபொக்சிப் பசை வைத்து ஒட்டி, புதுசு போலத் துடைத்துத் தந்திருந்தார்கள்.

பஞ்சிகாவத்தைப் பக்கத்துக் கராஜ் ஒன்று. டிஸ்க்கை நானே வாங்கிக் கொடுத்தேன், மாற்றும் வேலை மட்டும் அவர்களுடையது. பின்னேரம் எடுக்கப் போனபோது, "ஒரு போல்ட் கொஞ்சம் கரைச்சல் குடுத்திச்சு தம்பி, கழட்டி புதுப் புரி வெட்டிப் போட்டாச்சு, பயமில்லாம ஓடுங்க" என்றார் பாஸ். புரி (போல்ட் திருகி ஏறும் மரை) வெட்டிய கூலி என்று பில்லில் தனியாக 4,500 ரூபா. கட்டிவிட்டு வந்தேன்.

கொஞ்ச நாளில் முன் பிரேக்கைப் பிடிக்கும்போதெல்லாம் 'டிக்' என்று ஒரு சத்தம் வரத் தொடங்கியது. காலையில் மகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோவது இந்த வண்டியில்தான். தெமட்டகொடையில் வேறொரு பாஸிடம் காட்டினேன். அவர் வரிசையாக ஒவ்வொரு போல்ட்டையும் திருகிக்கொண்டே வந்தார். ஒன்று அவர் கையோடு கழன்று வந்தது. அதற்குக் கீழே புரியே இல்லை, காய்ந்த எபொக்சி மட்டும். சுரண்டிப் பார்த்தால் உள்ளே பழைய போல்ட்டின் உடல் அப்படியே நிற்கிறது. அதற்கு நடுவே ஈசி அவுட்டின் (முறிந்த போல்ட்டைத் துளைத்துத் திருகி எடுக்கும் கருவி) முனை முறிந்து சிக்கியிருக்கிறது. வெட்டாத புரிக்குத்தான் என்னிடம் கூலி வாங்கியிருக்கிறார்கள்.

வேகமாகப் போகும் வண்டியைப் பிரேக் பிடித்து நிறுத்தும்போது பாரம் முன்னால் சாய்கிறது, நிறுத்தும் வேலையின் பெரும்பங்கு முன் சில்லுக்குத்தான். அந்த விசை முழுவதும் இந்தச் சில போல்ட்கள் வழியாகத்தான் டிஸ்க்கில் இருந்து சில்லுக்குப் போகிறது. ஒன்று இல்லையென்றால் மற்றவை அதையும் சேர்த்துச் சுமக்கும். காசைத் திருப்பித் தந்தால் மறந்துவிடக்கூடிய விஷயமா இது? தெரிந்துகொண்டே செய்திருக்கிறார்கள் என்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. "போல்ட் முறிஞ்சிட்டுது, லேத்துக்குக் கொண்டு போங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

போல்ட் ஏன் முறிந்தது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது எந்த வண்டிக்கும் நடக்கலாம். டிஸ்க் போல்ட்கள் அதிர்வில் தளராமல் இருக்கப் புரியில் ஒரு பசை பூசியிருப்பார்கள். லொக்டைட் என்றால் எல்லாருக்கும் விளங்கும். காற்றுப் பட்டுக்கொண்டிருக்கும் வரை அது திரவமாகவே இருக்கும். உலோகப் புரிகளுக்கு இடையில் காற்றில்லாமல் அகப்பட்டதும் பிளாஸ்டிக் போல இறுகிவிடும். (போத்தலை நிரப்பாமல் கொஞ்சம் காற்று விட்டே விற்பதும் அதனால்தான்.) அதில் 243 என்ற இலக்கம் நீல நிறம், நடுத்தரப் பிடி, சாதாரணக் கைச்சாவியால் கழற்றலாம். 271 சிவப்பு, வன்பிடி. அதைச் சூடாக்காமல் முறுக்கினால் பசை விடுவதற்கு முன் போல்ட்தான் முறியும். ஏறத்தாழ 250 பாகை செல்சியசுக்குச் சூடாக்கி, சூடு ஆறுவதற்குள் திருப்ப வேண்டும். என் சில்லில் யாரோ முன்பு சிவப்பைத் தாராளமாகப் பூசியிருக்கிறார்கள். கராஜில் அதைப் பார்க்காமல் இம்பெக்ட் கன்னை (போல்ட்டை அடித்தடித்து முறுக்கும் மெஷின்) போட்டு அடித்திருக்கிறார்கள்.

முறிந்த பிறகு செய்ததுதான் இன்னும் மோசம். முழுப் பருமனுள்ள போல்ட்டே முறுக்கத் தாங்காமல் முறிந்த இடத்தில், அதைவிட மெல்லிய ஈசி அவுட்டை விட்டு முறுக்கினால் அது என்னாகும்? ஈசி அவுட் கடினமான உருக்கு, வளையாது, பட்டென்று முறியும். முறிந்து உள்ளே நின்றுவிட்டால் சாதாரண டிரில் பிட் அதில் வழுக்கும். ஸ்பிரே எண்ணெய் அடிப்பதும் வீண். இடைவெளியைப் பசை அடைத்திருக்கும்போது எண்ணெய் எங்கே போகும்? பிரேக்குக்குப் பக்கத்தில் எண்ணெய் தெறித்தால் ஆபத்து வேறு.

இப்படி முறிந்தால், மேலே கொஞ்சமாவது நீட்டிக்கொண்டிருந்தால் ஒரு நட்டை வைத்து வெல்ட் பண்ணித் திருப்புவதுதான் நல்ல வழி என்கிறார் தெமட்டகொடைப் பாஸ். வெல்டிங் சூட்டிலேயே பசை இளகிவிடும், சாவி பிடிக்க இடமும் கிடைத்துவிடும். உள்ளே முறிந்திருந்தால் முதலில் சூடு, பிறகு நடுப்புள்ளி தவறாமல் இடதுகைப் பிட்டால் (போல்ட் கழலும் பக்கமாகவே சுற்றித் துளைக்கும் டிரில் பிட்) துளைப்பது. துளைக்கும்போதே சில நேரம் போல்ட் கழன்று வந்துவிடும். அலோய் சில்லில் கேஸ் டோர்ச்சைப் பிடிக்க விடாதீர்கள். போல்ட்டுக்கு மட்டும் சூடு ஏற வேண்டும், பெயாரிங் சீல் அந்தச் சூட்டைத் தாங்காது. பசை எரியும் புகையைச் சுவாசிக்கவும் கூடாது.

என் சில்லை கடைசியில் மில்லிங் மெஷினில் ஏற்றி, கார்பைட் பிட்டால் ஈசி அவுட்டைத் தின்ன வைத்து, மிச்சத்தைத் துளைத்தெடுத்து, ஹெலிகொயில் (துளைக்குப் புதுப் புரி தரும் கம்பிச் சுருள்) போட்டோம். செலவு முதல் பில்லைவிடக் கூட. ஆனால் துளை நேராக இருக்கிறது, போல்ட் இறுகுகிறது.

வேலைக்குக் கொடுக்கும் முன் "கழற்றும்போது சூடாக்குவீங்களா, எதை வைத்து?" என்று கேளுங்கள். பதிலிலேயே ஆளைத் தெரியும். திரும்பப் பூட்ட எந்த இலக்கப் பசை என்று போத்தலை வாங்கிப் பாருங்கள். 243, 271 இரண்டுக்கும் போத்தல் சிவப்புத்தான், உள்ளே இருக்கும் திரவத்தின் நிறம்தான் வேறு. மற்ற நிறுவனங்களில் நிறமே மாறலாம். போல்ட்களைப் புதிதாகவே போடச் சொல்லுங்கள். முறிந்தது என்று சொன்னால் முறிந்த துண்டைக் கையில் கேளுங்கள். நிஜமாகவே கழற்றியிருந்தால் காட்ட ஏதாவது இருக்கும்.

பில்லும், கழன்ற தலையும், படங்களும் வைத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், அதனால் கடையின் பெயரை இங்கே போடவில்லை. சபையின் தொலைபேசி இலக்கம் 1977. பில் இல்லாமல் வேலை செய்வித்தவர்களுக்கு இது கஷ்டம், ஆகவே சின்ன வேலைக்கும் பில் கேட்டு வாங்குங்கள். பஞ்சிகாவத்தைப் பக்கம் வேறு யாருக்காவது இப்படி ஒட்டிய போல்ட் அகப்பட்டால், துடைக்காமல் படம் எடுத்து வைத்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.