ராணிக்குக் கொடுத்த ஒமெப்ரசோல் பசை

காட்பாடியில் கல்யாண ஊர்வலத்துக்கு விடும் எங்கள் குதிரை ராணி, போன சித்திரையில் ஊறவைத்த கொள்ளை மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பல்லை வேறு நறநறவென்று கடித்தாள். எண்டோஸ்கோபி செய்த மருத்துவர் இரைப்பைப் புண் என்றார். 350 கிலோ உடம்புக்கு, கிலோவுக்கு 4 மில்லிகிராம் வீதம் தினம் 1.4 கிராம் ஒமெப்ரசோல் (வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மருந்து), 28 நாள். விடியற்காலை வெறும் வயிற்றில், கடைவாய் ஓரமாகப் பசைக் குழலை நுழைத்து நாக்கின்மேல் பிதுக்கினால் சப்புக்கொட்டி விழுங்கிவிடுவாள். பத்தாம் நாளே கொள்ளுச் சட்டியை நக்கிக் காலி செய்தாள்; எனக்குக் கண் கலங்கிவிட்டது.

விலைதான் கையைச் சுடுகிறது. அதற்காக மனிதர் மாத்திரையை இடித்துப் போட்டுவிடாதீர்கள், வயிற்று அமிலமே மருந்தைச் சிதைத்துவிடும். இப்போது முகூர்த்த நாட்களில் தடுப்புக்காக, மருத்துவர் சொன்னபடி கிலோவுக்கு 1 மில்லிகிராம். அப்புறம், குதிரைக்கு வயிறு காலியாக இருந்தாலும் அமிலம் ஊறிக்கொண்டே இருக்கும். கிளம்புமுன் ஒரு கட்டு காய்ந்த புல் கட்டாயம் போடுகிறேன்.