சைகோனில் மூன்று வாரம்: காசு கட்டிப் பாடம் நடத்திய கதை

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தத் தன்னார்வலர்களை அனுப்பும் ஒரு நிறுவனத்தின் வழியாகப் போய்வந்தேன், அதைப் பற்றிய மதிப்பீடு இது. முதலில் காசு. மூன்று வாரத்துக்கு 72,000 ரூபாய் வாங்கினார்கள், விமான டிக்கெட்டும் விசாவும் தனி. சம்பளமில்லாமல் பாடம் நடத்தப் போகிறவள் எதற்குக் காசு கட்ட வேண்டும் என்று நானும் கேட்டேன், தங்குமிடம், காலைச் சாப்பாடு, 'ஒருங்கிணைப்பு' என்று பதில் வந்தது. என் மகனுக்கு ஒரே சிரிப்பு. "பாட்டையா சைகோனுக்கு வட்டிக்கடை வச்சுக் கொண்டுவிக்கப் போனாக. ஆத்தா, நீங்க என்னடான்னா அந்த ஊருக்கே காசைக் கொண்டுபோய்க் கொடுக்கப் போறீக!"

செட்டிநாட்டுக் கோட்டையூரில், கடல் கடந்து வட்டிக்கடை வைத்த நகரத்தார் வீட்டில் இருந்துகொண்டு வியட்நாமின் சைகோன் என்ற பேரைக் கேட்காமல் வளர முடியாது. அதனால்தான் பட்டியலில் இருந்த நாலைந்து நாடுகளில் வியட்நாமைத் தேர்ந்தெடுத்தேன். முப்பது வருஷம் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவள், டிசம்பரில் சும்மா இருக்கிறேன், திருச்சியிலிருந்தே நேர் விமானமும் இருந்தது. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். இந்த மாதிரி நடத்துகிறவர்கள் பலர் இருக்கிறார்கள், யாரிடம் போனாலும் கேட்க வேண்டிய கேள்விகள் இவைதான்.

நல்லதைச் சொல்லிவிடுகிறேன். விமான நிலையத்துக்கு நேரத்துக்கு வந்து அழைத்துப் போனார்கள். அறை சுத்தம், வெந்நீர் வந்தது. மார்கழி என்பதால் எனக்குக் கவுச்சி கிடையாது, அதற்காகப் பயந்துகொண்டே போனேன், பயமே தேவையில்லை. அங்கே சைவச் சாப்பாட்டுக்கு 'சாய்' என்று பேர், அந்தப் பலகை போட்ட கடைகள் நிறைய. அமாவாசை, பௌர்ணமிக்குப் பௌத்தர்கள் பலர் சைவம்தான். ஆனால் சாதாரணக் கடையில் காய்கறிப் பொரியல் என்று வாங்கினால் மீன் சாறு ஊற்றியிருப்பார்கள், 'சாய்' பலகை பார்த்தே நுழையுங்கள்.

விசாவில்தான் முதல் நெருடல். சுற்றுலா என்று போட்டு இ-விசா எடுத்துக்கொள்ளுங்கள், 25 டாலர்தான், 2023 ஆகஸ்டிலிருந்து 90 நாள் வரை தருகிறார்கள் என்றார்கள். அதெல்லாம் உண்மை. ஆனால் போவது பாடம் நடத்த, எழுதுவது ஊர் சுற்றிப் பார்க்க என்று! எழுத்தில் விளக்கம் கேட்டேன், தொலைபேசியில் சொன்னார்கள். அங்கேயே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

விளம்பரப் படத்தில் சீருடை போட்ட பிள்ளைகளும் பளபளப்பான வகுப்பறையும். போய்ப் பார்த்தால் மாலை நேர வகுப்பு. பள்ளிக்கூடம் போக வழியில்லாத பிள்ளைகளுக்காக அங்கே 'அன்பு வகுப்பு' என்று நடத்துகிறார்கள், பாதிப் பேர் பகலில் லாட்டரிச் சீட்டு விற்கிறவர்கள். எனக்கு அதில் வருத்தமே இல்லை, சொல்லப்போனால் இந்தப் பிள்ளைகளுக்குத்தான் ஆள் வேண்டும். ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்பதுதான் கேள்வி.

முதல் நாள் நிறங்கள் நடத்தினேன். ரெட், ப்ளூ, க்ரீன் என்று நான் அட்டையைத் தூக்குவதற்குள் கோரஸாகக் கத்தினார்கள். ஆகா, கெட்டிக்காரப் பிள்ளைகள் என்று பூரித்துப்போனேன். வகுப்பு முடிந்ததும் அங்கே நிரந்தரமாக இருக்கும் டீச்சர் சங்கடத்தோடு சொன்னார், இந்த வருஷம் நிறங்கள் நடத்திய ஐந்தாவது ஆள் நான். மூன்று வாரத்துக்கு ஒருவர் வருகிறார், ஏபிசி, நிறம், மிருகம், படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். முந்தினவர் எங்கே நிறுத்தினார் என்று ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது.

எங்கள் ஐயா காலத்தில் வெளிநாட்டு வட்டிக்கடைக்குப் போகிறவர்கள் மூன்று வருஷக் கணக்கில் போவார்கள். கணக்கு முடித்து ஊர் திரும்பும் மேலாள், அதாவது கடையை நடத்துகிறவர், பேரேட்டையும் ஐந்தொகையையும் அடுத்து வருகிறவரிடம் ஒப்படைக்காமல் கப்பலேற முடியாது. வட்டிக்கடைக்கே அத்தனை ஒழுங்கு என்றால் பிள்ளைகள் படிப்புக்கு ஒரு நாற்பது பக்க நோட்டாவது வேண்டாமா? அன்று ராத்திரி கடைக்குப் போய் ஒன்று வாங்கினேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம்.

என் முப்பது வருஷ அனுபவத்தில் பிரயோஜனப்பட்டது ஒன்றே ஒன்று. அந்தப் பிள்ளைகள் ஆங்கிலச் சொல்லின் கடைசி எழுத்தை விழுங்கிவிடுகிறார்கள், நைஸ், நைன், நைட் மூன்றும் 'நை'தான். நம் பிள்ளைகள் நேர் எதிர், பஸ்ஸு, கப்பு என்று வாலைச் சேர்ப்பவர்கள். சரி, நம் நோயே இவர்களுக்கு மருந்து என்று 'நைஸு', 'நைனு' சொல்ல வைத்து, அப்புறம் மெதுவாக அந்த உகரத்தை வெட்டினேன். இரண்டாவது வாரக் கடைசியில் ஏழெட்டுப் பேருக்கு வாலும் போய்ச் சொல்லும் நின்றது. டீச்சரம்மாவை அங்கே 'கோ' என்று கூப்பிடுகிறார்கள், நமக்குக் கோ என்றால் அரசன், அந்த மரியாதை எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

'மறக்க முடியாத கிறிஸ்துமஸ் கொண்டாட்டம், பிள்ளைகளோடு' என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள், அதற்கு வருகிறேன். வியட்நாமில் டிசம்பர் 25 அரசு விடுமுறை இல்லை. ஆனால் 24 ராத்திரி ஊரே தெருவில் நிற்கிறது, நோயெல் என்று பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன பேரிலேயே சொல்கிறார்கள், பேராலயத்தின் முன்னால் கால் வைக்க இடமில்லை. நிறுவனத்து ஆள் கேக்கும் சிவப்புக் குல்லாவும் காமிராவுமாக வந்தார். வகுப்பில் மூன்று பேர். மற்றவர்கள் எங்கே? கூட்டம் இருக்கும் இடத்தில்தானே வியாபாரம்! பிற்பாடு நான் பேராலயப் பக்கம் போனபோது, என் வகுப்புப் பையன் ஒருவன் சீட்டுக் கட்டோடு வந்து "கோ, நைஸ் நைட்" என்றான், இரண்டுக்கும் கடைசி எழுத்தோடு. சீட்டு பத்தாயிரம் டாங், இரண்டு வாங்கினேன், விழவில்லை.

அந்த வருஷம் நகரத்தார் வீடுகளில் எடுக்கும் பிள்ளையார் நோன்பும் கிறிஸ்துமஸை ஒட்டியே வந்தது. மாவும், அதில் திரியாக வைத்து ஏற்றும் நூல் இழையும் ஊரிலிருந்தே கட்டிக்கொண்டு போயிருந்தேன். மகன் வீடியோவில் நின்று பார்க்க, நோன்பு முறைப்படி சுடர் விடும் இழையை மாவோடு நான் வாயில் போட்டுக்கொண்டதும் அறைத்தோழி அலறிவிட்டாள். மறுநாள் அவளையும் தெண்டாயுதபாணி கோயிலுக்கு அழைத்துப் போனேன். நகரத்தார் கட்டியது, இப்போது அந்த ஊர்க்காரர்களும் வந்து கும்பிடுகிறார்கள். இது நிறுவனத்தின் நிகழ்ச்சி நிரலில் இல்லை, அதனால் மதிப்பெண்ணில் சேர்க்கவில்லை.

ஐந்துக்கு இரண்டு. இரண்டும் அறைக்கும் விமான நிலையத்துக்கும். போகத்தான் வேண்டும் என்றால் எனக்கு முன்னால் யார் வந்தார், எதுவரை நடத்தினார், எனக்கு அப்புறம் யார் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் காசு கட்டாதீர்கள்.

நோட்டை டீச்சரிடம் கொடுத்துவிட்டு வந்தேன், அடுத்து வருகிறவர் கையில் சேர்க்கச் சொல்லி நிறுவனத்துக்கும் எழுதினேன். அடுத்த டிசம்பருக்கு இப்போதே பதிந்தால் பத்து சதவீதம் தள்ளுபடி என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது. நோட்டைப் பற்றி ஒரு வரியும் இல்லை.