7 வயதில் சிகிச்சையா, 12 வயதுவரை காத்திருப்பதா?

குழந்தைக்கு 7 வயதாவதற்குள் ஒருமுறை பல் சீரமைப்பு மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும் என்பது அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர்கள் சங்கத்தின் பரிந்துரை. காட்டுவது வேறு, கம்பி கட்டுவது வேறு. பெற்றோர் பலர் குழம்புவது இங்கேதான்.

மேல்தாடை குறுகி, மேல் கடைவாய்ப் பற்கள் கீழ்ப் பற்களுக்கு உட்புறமாகக் கடிக்கும் குழந்தைக்கு முன்னதாகவே தொடங்குவது நல்லது. அண்ணத்தின் நடு இணைப்பு அந்த வயதில் இறுகியிருக்காது என்பதால், அங்கே பொருத்திய விரிவாக்கி எனும், தாடையை அகலப்படுத்தும் கருவியின் திருகைத் தாயோ தந்தையோ சிறு சாவியால் கால் சுற்று திருப்ப, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் அகலம் கூடும். பதின்பருவம் கடந்தபின் இதற்கு அறுவை சிகிச்சையே தேவைப்படலாம். மேல்தாடை முன்னோக்கி வளராமல் பின்தங்கிய குழந்தைக்கும் தாமதம் கூடாது.

மேல் முன்பற்கள் துருத்தியிருந்தால் நிலைமை வேறு. முன்னதாகத் தொடங்கினால் அடிபட்டுப் பல் உடையும் வாய்ப்பு குறைவதாக ஆய்வுகள் காட்டினாலும், 12 வயதையொட்டி ஒரே கட்டமாகச் செய்துகொண்டவர்களைவிட இறுதிப் பல்வரிசை குறிப்பிடத்தக்க அளவு மேம்படுவதில்லை. செலவும் மருத்துவரிடம் அலைவதும்தான் கூடுகின்றன. அடிக்கடி விழுந்து எழும் பிள்ளையாக இல்லாவிட்டால் காத்திருக்கலாம் என்பேன். 8 வயதில் மேல் முன்பற்களுக்கிடையே தெரியும் சிறு இடைவெளிக்கு அவசரப்படவே வேண்டாம். கோரைப் பற்கள் இறங்கும்போது அது பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும்.