விட்டுப்போன அப்பாவின் கையெழுத்து: வக்கீல் இல்லாமல் எது சரிவரும்?

குழந்தையை விட்டுப்போன அப்பாவின் உரிமையை வக்கீல் இல்லாமலே நீக்கிவிட முடியுமா என்று கேட்கும் அம்மாக்களுக்கு இது. அமெரிக்காவில் இருப்பதுபோல, தகப்பனின் உரிமையை ரத்து செய்யக் கேட்கும் தனி மனு நம் நாட்டில் கிடையாது. 'எனக்கும் குழந்தைக்கும் சம்பந்தமில்லை' என்று அப்பாவிடம் பத்திரத்தில் எழுதி வாங்கி பீரோவில் பூட்டி வைத்திருப்பவர்கள் உண்டு. அந்தத் தாளைக் காட்டி அவர் ஜீவனாம்சத்திலிருந்துகூட தப்ப முடியாது. அப்புறம், உரிமை மட்டும் எப்படிப் போகும்?

ஆக, அவர் இல்லாமல் அம்மா காரியம் பார்க்க இருப்பது மூன்று வழி.

ஒன்று, கோர்ட்டுக்கே போகாமல் இருப்பது. கீதா ஹரிஹரன் வழக்கில் 1999-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: அப்பா உயிரோடு இருந்தாலும் குழந்தையைக் கவனிக்காமல் விலகியிருந்தால், இந்துச் சட்டப்படி அம்மாவே இயற்கைக் காப்பாளராக, அதாவது கோர்ட் நியமிக்காமலே குழந்தைக்குப் பொறுப்பாளராக, செயல்படலாம். பாஸ்போர்ட்டுக்கும் 2016 டிசம்பரில் விதியைத் தளர்த்தினார்கள். பெற்றோரில் ஒருவர் பெயர் போதும். இன்னொருவரின் சம்மதம் ஏன் இல்லை என்று வெள்ளைத்தாளில் உறுதிமொழி கொடுத்தால் ஆயிற்று. வேண்டியது பாஸ்போர்ட் மட்டும்தான் என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குழந்தை பெயரில் உள்ள மனையை விற்க வேண்டும், அல்லது அவர் திரும்பி வந்து பிள்ளையைக் கேட்பாரோ என்று பயம் என்றால் இது போதாது.

இரண்டாவது, அம்மாவைக் காப்பாளராக நியமிக்கச் சொல்லி 1890-ஆம் வருட காப்பாளர் சட்டத்தின்கீழ் மனு. எல்லா மதத்தாருக்கும் பொருந்தும். குழந்தையின் மனை போன்ற சொத்துக்கு என்றால் மாவட்ட நீதிமன்றம்; குழந்தையை வளர்க்கும் பொறுப்புக்கு என்றால், குழந்தை வசிக்கும் ஊர் எந்தக் குடும்ப நல நீதிமன்றத்தில் வருகிறதோ, அங்கே போட வேண்டும். குடும்ப நல நீதிமன்றத்தில் வக்கீல் வைப்பது யாருக்கும் உரிமையே இல்லை என்று 1984-ஆம் ஆண்டு குடும்ப நல நீதிமன்றச் சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அனுமதி கேட்டு எல்லாரும் வைத்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். அதனால் தனியாகப் போய் நிற்பதில் கூச்சம் வேண்டாம்.

என் தங்கை அப்படித்தான் போட்டாள். பழைய முகவரிக்குப் போன சம்மன், கவர்மேல் 'ஆள் இல்லை' என்று பேனாவில் கிறுக்கப்பட்டுத் திரும்பி வந்தது. அழுக்கான அந்தக் கவரைத்தான் பத்திரமாக வைக்கச் சொன்னேன். அதைக் காட்டித்தான் பேப்பரில் விளம்பரம் கொடுக்க அனுமதி கேட்டாள். அந்த விளம்பரத்துக்கு ஆன செலவு மற்ற எல்லாச் செலவையும் தாண்டிவிட்டது. விளம்பரத்துக்குப் பிறகும் கணவர் வராததால், அவர் இல்லாமலே ஒருதலைப்பட்சமாக உத்தரவு கிடைத்தது. ஆனால் 'ஓடிப்போனார்' என்று மட்டும் எழுதினால் நிற்காது. காப்பாளராக இருக்கத் தகுதியற்றவர் என்று நீதிபதிக்குத் தோன்ற வேண்டும். பள்ளிக் கட்டண ரசீது, ஆஸ்பத்திரி பில் என அத்தனையிலும் அம்மா பெயரே இருந்தது அங்கேதான் கைகொடுத்தது.

இந்த உத்தரவால் அப்பா என்ற உறவு அறுந்துவிடாது. ஜீவனாம்சமும் வாரிசு உரிமையும் குழந்தைக்கு அப்படியே இருக்கும். என் கணக்கில் இது குறையில்லை, லாபம்தான்.

மூன்றாவது, மறுமணம் செய்தவர்களுக்கு: புதுக் கணவர் தத்தெடுப்பது. முழுதாக அறுப்பது இது ஒன்றுதான். ஆனால் 1956-ஆம் ஆண்டு இந்து தத்துச் சட்டப்படி பெற்ற தகப்பனின் சம்மதம் வேண்டும். துறவியானவர், மதம் மாறியவர், மனநலம் குன்றியவர் என்று கோர்ட் அறிவித்தவர் ஆகியோருக்கு மட்டும்தான் விலக்கு. சாமியாராகப் போயிருந்தால் கேட்க வேண்டாம். போனை அணைத்துவிட்டுப் போனவரைத் தேடிப் பிடித்துக் கேட்க வேண்டும்! இந்த வழியில் வக்கீல் இல்லாமல் இறங்காதீர்கள்.

வக்கீல் என்றதும் காசைத்தானே யோசிக்கிறோம்? 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், சட்ட உதவி இலவசம். 15100-க்குக் கூப்பிடலாம், கோர்ட் வளாகத்திலேயே உள்ள மையத்துக்கும் போகலாம். மனுவை அவர்களிடம் எழுதி வாங்கிக்கொண்டு வாய்தாவுக்கு நீங்களே போவதைத்தான் நான் சொல்வேன்.

உத்தரவு வந்ததும் சான்றிட்ட நகல் மூன்று நான்கு வாங்கிவிடுங்கள். ஒன்றைப் பள்ளியில் கொடுத்தால் திரும்ப வராது.