காட்டுப்பன்றிக்கு லீவர் ரைபிள்: மார்லின் 336 போதுமா, 1895 வேண்டுமா?

டெக்சஸில் காட்டுப்பன்றி சுட லீவர் ரைபிள் (விசைக்கு அடியிலுள்ள நெம்புகோலை முன்னே தள்ளி மடக்கித் தோட்டா ஏற்றும் துப்பாக்கி) தேடுகிறவர்கள் பெரும்பாலும் "பெரிய ஆண் பன்றியைச் சாய்க்க எந்தக் காலிபர்?" (அதாவது எந்தத் தோட்டா அளவு) என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அன்றைக்கு 80 பவுண்டுக் குட்டி வருமா, 250 பவுண்டுத் தனியன் வருமா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் எத்தனை கஜத்தில் சுடப்போகிறோம் என்பது நம் கையில் இருக்கிறது. பன்றிகளை வரவழைக்கும் தீனிப்பெட்டிக்கு எதிரே 60 கஜத்தில் உட்காரலாம். மெஸ்கீட் புதருக்குள் 30 கஜத்தில் எதிர்கொள்ளலாம் (மெஸ்கீட் வேறொன்றும் இல்லை, நம் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய சொந்தம், முள்ளும் அடர்த்தியும் அப்படியே). அறுவடையான வயலோரத்தில் 180 கஜத்துக்கும் காத்திருக்கலாம். இதை முடிவு செய்தாலே பாதித் தேர்வு முடிந்துவிடும்.

இந்த மூன்றுக்கும் ஒரே துப்பாக்கி என்றால், .30-30 காலிபரில் மார்லின் 336 கிளாசிக். 1948இல் வந்த மாடல். 2020இல் மார்லினை இன்னொரு துப்பாக்கி நிறுவனமான ரூகர் வாங்கியபின் வட கரோலினாவில் மறுபடி செய்யத் தொடங்கி, 2023இல் 336ஐக் கடைக்குக் கொண்டுவந்தார்கள். 20.25 அங்குலக் குழல், மேகசினில் 6 தோட்டா, எடை ஏழரை பவுண்டு, வால்நட் கட்டை. லீவர் வழுக்கிக்கொண்டு போகிறது, மரமும் இரும்பும் இடைவெளி இல்லாமல் பொருந்தியிருக்கின்றன. விலை ஆயிரம் டாலரைத் தாண்டும். அந்த வேலைப்பாட்டுக்கு அது நியாயமான விலைதான். காலி உறை பக்கவாட்டில் வெளியேறுவதால் மேலே ஸ்கோப் பொருத்தத் தடையில்லை. லீவர் திருகைக் கழற்றினால் லீவர், போல்ட் (குழலின் பின்புறத்தை அடைக்கும் தண்டு), எஜெக்டர் (காலி உறையைத் தள்ளும் துண்டு) மூன்றும் வந்துவிடும். குழலைப் பின்பக்கத்திலிருந்தே துடைக்கலாம். இன்னொரு லீவர் ரைபிளான வின்செஸ்டர் 94இல் இந்த வசதி கிடையாது. வாய்ப்பக்கமாகத்தான் கம்பியை விட வேண்டும், கவனம் தப்பினால் குழல் முனை தேய்ந்து குறி கெடும்.

.30-30 சிறியது என்று ஒதுக்குகிறவர்கள் தவறான தோட்டாவில் சுட்டுப் பார்த்தவர்களாக இருக்கக்கூடும். பன்றிக்கு 150 கிரெய்னை (குண்டின் எடையை அளக்கும் அலகு) விட 170 கிரெய்ன் மென்முனைக் குண்டு நல்லது. வினாடிக்கு ஏறத்தாழ 2,200 அடி வேகத்தில் கிளம்பி, தோள் எலும்பை உடைத்து உள்ளே போகும். முதிர்ந்த ஆண் பன்றியின் தோளைச் சுற்றித் தோலுக்கடியில் கேடயம்போல ஒரு தடித்த படலம் இருக்கிறது. ஓர் அங்குலத்துக்கு மேலும் தடிக்கும். சீக்கிரம் விரிந்து சிதறும் குண்டு அங்கேயே சக்தியை இழந்துவிடும். காலிபர் எண்ணைவிடக் குண்டின் கட்டுமானத்துக்குத்தான் இங்கே அதிக வேலை.

குழாய் மேகசினில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். பின்தோட்டாவின் முனை முன்தோட்டாவின் ப்ரைமரில் (அடிபட்டதும் மருந்தைப் பற்றவைக்கும் பகுதி) முட்டிக்கொண்டிருக்கும். கூர்முனைக் குண்டு போட்டால் உதையின் அதிர்ச்சியில் மேகசினுக்குள்ளேயே வெடிக்கலாம். ஆகவே தட்டைமுனை அல்லது உருண்டைமுனை மட்டும். விதிவிலக்கு ஹார்னடியின் லெவர்எவல்யூஷன்: அதன் கூர்முனை வளையும் பாலிமர். 160 கிரெய்ன், பெட்டியில் 2,400 அடி என்றிருக்கும். அது 24 அங்குலச் சோதனைக் குழலில் அளந்தது, 20 அங்குலத்தில் சற்றுக் குறையும். 100 கஜத்தில் 3 அங்குலம் மேலே படும்படி வைத்தால் 200இல் ஏறத்தாழ குறியிலேயே விழும், 300இல் ஓர் அடி கீழே. 125 கஜத்துக்குள்தான் சுடுவீர்கள் என்றால் இந்தக் கணக்கே வேண்டாம், 100இல் நேராக வையுங்கள். பன்றியின் இதயம் தாழ்வாக இருப்பதால் கிட்டத்தில் 3 அங்குலம் மேலே போவது காயத்தோடு ஓடவிடும்.

இனி .45-70. 1873ஆம் ஆண்டு ராணுவத் தோட்டா; மார்லின் 1895 எஸ்பிஎல்லில் 19 அங்குலத் துருப்பிடிக்காத குழலோடு வருகிறது. எடை 7.3 பவுண்டு. இத்தனை லேசான துப்பாக்கியில் சாதாரணத் தோட்டாவே .30-30ஐப் போல ஏறத்தாழ இரு மடங்கு உதைக்கும். கனத்த வேகத் தோட்டாவில் மூன்று மடங்கும் ஆகும். தோள் அஞ்சத் தொடங்கினால் விசையை வெடுக்கென்று இழுப்பீர்கள், குண்டு குடலில் படும். வயிற்றில் அடிபட்ட பன்றியை முள்புதருக்குள் தேடுவது அந்த விலங்குக்கும் கொடுமை, தேடுகிறவருக்கும் ஆபத்து. 30 கஜத்தில் புதருக்குள் பெரிய ஆணைத் தேடிப் போகிறவர்களுக்கு மட்டுமே இதைப் பரிந்துரைக்கிறோம். அவர்களுக்கும் 405 கிரெய்ன் மிதவேகத் தோட்டா, வினாடிக்கு 1,330 அடி, தாராளம். அது மெதுவாகப் போவதால் இறைச்சியும் அதிகம் கெடாது. ஆனால் 100இல் குறி வைத்தால் 200இல் ஏறத்தாழ 2 அடி கீழே விழும். கனத்த குண்டு புதர்க் கிளைகளை வெட்டிக்கொண்டு நேராகப் போகும் என்ற பேச்சை நம்ப வேண்டாம். சுண்டுவிரல் தடிமன் குச்சி எந்தக் குண்டையும் திருப்பும். இன்னொன்று: இக்காலத் துப்பாக்கிகளுக்கான அதிக அழுத்தமுள்ள .45-70 தோட்டாவை ட்ராப்டோர் ஸ்ப்ரிங்ஃபீல்டு என்னும் பழைய ராணுவத் துப்பாக்கியில் போடவே கூடாது, அது தாங்காது.

.44 மேக்னம் தீனிப்பெட்டிக்காரர்களின் துப்பாக்கி. மார்லின் 1894இல் 10 தோட்டா பிடிக்கும், உதை குறைவு, 240 கிரெய்ன் 1,760 அடி வரை போகும். 100 கஜம் எல்லை. கைத்துப்பாக்கிக்கான குழிமுனைக் குண்டு நீண்ட குழல் தரும் வேகத்தில் மேலோடேயே விரிந்துவிடும். மென்முனையோ, வார்த்த கெட்டி ஈயத் தட்டைமுனையோ எடுங்கள். பழைய 1894களில் குழலுக்குள் குண்டைச் சுழற்றும் வரிப்பள்ளத்தின் முறுக்கு 38 அங்குலத்துக்கு ஒரு சுற்று; 300 கிரெய்ன் குண்டு அதில் நிலைகொள்ளாமல் போகலாம். .357 மேக்னத்தைக் குட்டிகளோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஹென்றி நிறுவனத்தின் பக்கக்கதவு மாடல் (பக்கவாட்டுக் கதவு வழியாகவும் தோட்டா ஏற்றலாம்) .30-30இல் 5 தோட்டாதான் பிடிக்கும். ஆனால் மேகசினின் உள்குழாயை உருவித் தோட்டாக்களைக் கொட்டிவிடலாம். சேம்பரில் (தோட்டா வெடிக்கும் அறையில்) ஒன்று இருந்தால் அதை மட்டும் தனியே எடுக்க வேண்டும். மார்லினில் ஒவ்வொன்றையும் லீவர் அடித்து சேம்பர் வழியாகத்தான் வெளியேற்ற வேண்டும். வண்டி ஏறும்போதெல்லாம் இந்த வித்தியாசம் தெரியும்.

கோளாறுகளில் முதலிடம் அரைவீச்சுக்கு. பதற்றத்தில் லீவரை முழுக்க முன்னே தள்ளாமல் மடக்கினால் அடுத்த தோட்டா ஏறாது, அல்லது குறுக்கே சிக்கும். துப்பாக்கியைத் தோளிலிருந்து எடுக்காமலே லீவரை முட்டும்வரை தள்ளப் பழகுங்கள். பயன்படுத்திய மார்லின் வாங்குகிறவர்கள் கேரியரின் (தோட்டாவை மேலே தூக்கிக் கொடுக்கும் துண்டின்) அடிப்பக்கத்தைப் பாருங்கள். லீவர் முனை அங்கே பள்ளம் அறுத்திருந்தால் லீவர் பாதியில் நின்றுபோகும். ஸ்கோப் பொருத்தினால் சுத்தியலை எட்டுவதற்குப் பக்கவாட்டு நீட்டிப்பு அவசியம். அது இல்லாமல் ஈர விரலால் சுத்தியலை இறக்குவது விபத்தை அழைப்பது. சுடவிடாமல் தடுக்கும் குறுக்குப் பூட்டை முதலில் அழுத்திவிட்டுப் பிறகு இறக்குங்கள். ஆனால் சுடும்முன் அதை விடுவிக்க மறந்தால் "டக்" என்று சுத்தியல் மட்டும் விழும், பன்றி போய்விடும். தோட்டா ஏற்றும்போது ஒவ்வொன்றையும் முழுக்க உள்ளே தள்ளாமல், விளிம்பு வெளியே தெரிய விட்டு, அடுத்ததால் தள்ளினால் கட்டைவிரல் கதவில் சிக்காது.

மான் சுட்டுப் பழகியவர்கள் தோளுக்குப் பின்னே, உடலின் நடு உயரத்தில் குறிவைப்பார்கள். பன்றியில் அது பின்தள்ளிய இடம். முன்னங்கால் கோட்டிலேயே, வயிற்றின் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் வையுங்கள். கொழுப்பு ஓட்டையை அடைத்துவிடுவதால் ரத்தத்தடம் குறைவாகவே கிடைக்கும். அதனால்தான் குண்டு மறுபுறம் வெளியேற வேண்டும் என்று வற்புறுத்துகிறோம். அறுக்கும்போது கையுறை கட்டாயம், புரூசெல்லா என்னும் பாக்டீரியாத் தொற்று இருக்கலாம். இறைச்சியை உள்ளே 71 டிகிரி செல்சியஸ் வரும்வரை வேகவையுங்கள்.

டெக்சஸில் 2019 செப்டம்பர் 1 முதல், தனியார் நிலத்தில் உரிமையாளர் அனுமதியோடு காட்டுப்பன்றி சுட வேட்டை உரிமம் தேவையில்லை. அங்கிருக்கும் தமிழர்களில் எச்-1பி, எஃப்-1 விசாவில் இருப்பவர்கள் இதை மட்டும் நம்பிக் கடைக்குப் போகக் கூடாது. குடியேற்றமல்லாத விசாக்காரர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை மத்தியச் சட்டம் தடுக்கிறது; செல்லுபடியாகும் மாநில வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. பன்றிக்குத் தேவைப்படாத அந்த உரிமம் உங்களுக்குத் துப்பாக்கியைத் தொடவே தேவை. கடையில் துப்பாக்கி வாங்குகிறவர் நிரப்பும் 4473 படிவம் இதைக் கேட்கும். உரிமத்தை முதலில் வாங்கிவிட்டு, அதையும் எடுத்துக்கொண்டு போங்கள்; காலாவதியாகும் தேதியையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.